சத்தமில்லாத தெருவில் வீடு பார்த்திருக்கிறோம். அங்கே இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்

உறையூர்ப் பெண்:

வணக்கம். இப்போது கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த் கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேல் வாடகைக்கு இருக்கிறோம். இடம் போதவில்லை, சுவரில் ஈரம், மாடிப்படி செங்குத்து. குறை சொல்ல ஆரம்பித்தால் முடியாது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் கீழே மனிதர்கள் இருக்கிறார்கள். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினால் போதும். நான் வளர்ந்தது திருச்சி உறையூரில். ஆடி மாதம் ஒலிபெருக்கி கேட்காவிட்டால் ஊரில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைக்கும் வீடு எங்களுடையது.

கணவர் வடமேற்கு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீடு பார்த்திருக்கிறார். 1930களில் கட்டியது. இரண்டு வீடுகள் நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வகை. ஸ்டேஷன் நடக்கும் தூரம், பின்னால் தோட்டம், பிள்ளைக்குத் தனி அறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்தோம். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு ஆள் இல்லை. சுவர் மேல் ஒரு பூனை மட்டும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனிக்கப் போய்விட்டது. வீட்டு முகவர் "அமைதியான தெரு, அமைதியான தெரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நான் இப்போதைக்கு வேலைக்குப் போகவில்லை. மாமியார் ஏப்ரலில் ஆறு மாதம் இருக்க வருகிறார். வாசலில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அங்கே அக்கம்பக்கத்தில் பேசுவார்களா? கிரைண்டர் போட்டால், பூஜை மணி அடித்தால், மீன் பொரித்தால் சண்டைக்கு வருவார்களா? பகல் முழுக்க அந்தத் தெருவில் என்னதான் நடக்கும்? பயமுறுத்தவும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம்.


தபால்காரன் (ஓய்வு):

தங்கச்சி, நானும் அதே ரெய்னர்ஸ் லேன்தான். யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து வந்து, இந்தச் சுற்றுவட்டாரத்தில் தபால்காரனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மற்றவர்கள் காரில் கடக்கும் தெருக்களில் நான் ஒவ்வொரு வாசல் வரைக்கும் நடந்திருக்கிறேன். எந்தக் கதவின் கடிதத் துவாரம் விரலைக் கடிக்கும், எந்த வீட்டு நாய் சத்தம் போடாமல் கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் என்பது இன்னும் மனப்பாடம். குரைக்கிற நாயை நம்பலாம்.

தெருவில் யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தார்கள். முன்னறை ஜன்னல்கள் அரைவட்டமாகத் தெருவைப் பார்த்து வெளியே தள்ளிக்கொண்டு நிற்பதைக் கவனித்தீர்களா? அந்த வலைத்திரைகளுக்குப் பின்னாலிருந்து குறைந்தது நாலு வீட்டார் உங்களைப் பார்த்திருப்பார்கள். உங்கள் கணவர் கூரையைச் சுட்டிக் காட்டினார் என்றால் வாங்க வந்தவர்கள் என்றும் புரிந்திருக்கும். விற்பனைப் பலகை நட்ட அன்றே அந்த வீட்டின் விலையை இணையத்தில் தேடிப் பார்த்திருப்பார்கள். இதெல்லாம் தெரிந்ததாக உங்களிடம் காட்டிக்கொள்ளவே மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த அமைதி தானாக அமைந்ததில்லை, காசுக்கு விற்கப்பட்டது. மெட்ரோபொலிட்டன் ரயில் கம்பெனிக்குத் தண்டவாளத்தின் ஓரமெல்லாம் நிலம் இருந்தது. 1915இல் அந்தப் பகுதிக்கு 'மெட்ரோலாந்து' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு வயல்கள் மனைகளாயின. லண்டன் நகரத்துப் புகையும் நெரிசலும் போதும் என்ற குமாஸ்தாக் குடும்பங்கள் கடன் வாங்கி இங்கே வந்தன. முன்னால் ஒரு துண்டுத் தோட்டம், பின்னால் நீளமாக ஒரு தோட்டம், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய அயலவர். இதுதான் அவர்கள் வாங்கிய பண்டம். இன்று அந்த வீடுகளில் குஜராத்திகள், போலந்துக்காரர்கள், நம் ஆட்கள் எல்லாரும் இருக்கிறோம். பண்டம் மாறவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு வருடத்தில் அந்த பழைய குமாஸ்தாக்களைப் போலவே வேலியைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிவிடுகிறார்கள்.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஒட்டுச்சுவர்தான் எல்லாவற்றுக்கும் விடை. பக்கத்து வீட்டில் சுவிட்ச் போடும் 'டக்' கூடச் சில அறைகளில் கேட்கும். கிரைண்டரை அந்தச் சுவரில் முட்டாமல் எதிர்ப்பக்கம் வையுங்கள், அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், காலை ஏழுக்கு முன்னும் இரவு பத்துக்குப் பின்னும் வேண்டாம். பூஜை மணிக்கு யாரும் முறைப்பாடு செய்ததாக நான் கேள்விப்படவில்லை. மீனுக்கு மட்டும் ஒரு விதி: பக்கத்துத் தோட்டத்தில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொரியுங்கள். வெள்ளைப் படுக்கை விரிப்பில் சூரைமீன் வாசனை ஏறினால் அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

பேசுவார்களா என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் கிடுகு வேலி ஆள் உயரத்துக்கு மேல். அப்பால் யார் என்று தெரியாது. ஆனால் எந்த வேலியிலும் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி, இருக்கும். பெண்கள் குனிந்து அதன் வழியாக நுழைந்து உப்புக்கும் ஊர்க்கதைக்கும் போய் வருவார்கள். இங்கே முன்சுவர் முழங்கால் உயரம்தான், எல்லாம் திறந்து கிடக்கிறது, ஆனால் பொட்டு கிடையாது. அந்த வேலையைப் பார்சல் செய்கிறது. ஆள் இல்லாத வீட்டின் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கதவுக்குள் போடுவோம். மாலையில், வருடக்கணக்காகத் தலையை மட்டும் அசைத்துப் போன மனிதர் அந்த அட்டையைக் கையில் பிடித்தபடி உங்கள் வாசலில் நிற்பார். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் பேசுவார். உள்ளே வரச் சொன்னால் தடுமாறிப் போவார், சொல்ல வேண்டாம். இப்படி இரண்டு மூன்று பார்சல் கைமாறியதும் மகனின் பெயரைக் கேட்பார். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையோடு இருக்கும். உறவு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் வீட்டில் ஆள் இருக்கும் வீடு தெருவுக்குப் பொக்கிஷம். என் சுற்றில் ஒரு குஜராத்தி அம்மா இருந்தார். கதவைத் திறக்கும்போதே கை நிறைய ரொட்டி மாவு ஒட்டியிருக்கும். பார்சலை முழங்கைகளால் இடுக்கி வாங்கி, செருப்பு அலமாரியின் மேல் வீட்டு எண் வரிசைப்படி அடுக்கி வைப்பார். எங்கள் அலுவலகத்தில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய குப்பைத் தொட்டியை யார் வெளியே இழுத்து வைப்பது என்று எதிரெதிர் வீட்டு வெள்ளைக்காரர்கள் இருவருக்குள் மனஸ்தாபமே வந்துவிட்டது.

இங்கே சத்தத்துக்கும் சட்டம் உண்டு. ஐஸ்கிரீம் வண்டியின் இசை ஒரு தடவைக்கு 12 விநாடிக்கு மேல் ஒலிக்கக் கூடாது, பகல் 12 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் ஒலிக்கக் கூடாது என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. பட்டாசு இரவு 11 மணியோடு நிறுத்த வேண்டும். ஆனால் தீபாவளி இரவில் 1 மணி வரை வெடிக்கலாம், 2004ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. நவம்பர் 5ஆம் தேதி ஆங்கிலேயர்கள் தீ மூட்டிப் பட்டாசு வெடிக்கும் நெருப்பு இரவுக்கு நள்ளிரவு வரைதான். நமக்கு ஒரு மணி நேரம் கூடுதல், இதை நான் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவேன்.

சண்டை வருவது வேலியாலும் மரத்தாலும்தான். பக்கத்து மரத்தின் கிளை உங்கள் பக்கம் நீண்டால் எல்லை வரை வெட்டலாம், ஆனால் வெட்டிய கிளையும் அதில் தொங்கும் ஆப்பிளும் அவர்களுடையவை. அந்தப் பக்கம் வீசிவிடாதீர்கள், வேண்டுமா என்று கேளுங்கள். மரத்துக்கு உள்ளூர்க் கவுன்சிலின் பாதுகாப்பு ஆணை இருந்தால் அனுமதி இல்லாமல் கையே வைக்கக் கூடாது. குளிர்காலத்திலும் இலை உதிராத செடிவேலி 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் கவுன்சிலிடம் முறையிட 2003இல் சட்டம் போட்டார்கள். அந்த அளவுக்கு வேலிச் சண்டை இந்த நாட்டில் பிரசித்தம். நம்மூர் எல்லைத் தகராறுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. கத்த மாட்டார்கள், கடிதம் எழுதுவார்கள். கொடுத்தவன் நான்.

ஜனவரியில் ஒரு இரவு பின்தோட்டத்தில் ஒரு பெண்ணைக் கழுத்தை நெரிப்பது போல அலறல் கேட்கும். போலீஸைக் கூப்பிட வேண்டாம், பெண் நரி துணை தேடுகிறது. மாமியார் அதற்குள் ஊருக்குப் போயிருப்பார், நல்லது.


லோயர் ஏர்லியில் இருந்தவள்:

தபால்கார ஐயா அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் சகோதரி. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கதவையும் தட்டும் உரிமையோடு நடந்தவர். சீருடையோடு வரும் ஆணுக்குத் திறக்கும் கதவுகள், கைக்குழந்தையோடு உள்ளே இருக்கும் பெண்ணுக்குத் திறப்பதில்லை.

நான் லண்டனுக்கு மேற்கே ரெடிங் பக்கம் லோயர் ஏர்லியில் இருந்தேன். 1970களின் கடைசியில் கட்டத் தொடங்கிய பெரிய குடியிருப்பு. வளைந்து வளைந்து போகும் தெருக்கள், ஒவ்வொன்றின் முடிவும் முட்டுச்சந்து. எங்கள் வீடு அப்படி ஒரு சந்தின் கடைசி வீடு, ஆகவே வழிப்போக்கர் என்று ஒருவர்கூட வர வழியில்லை. குழந்தை பிறந்தது அக்டோபரில். கணவர் இருட்டில் போய் இருட்டில் வருவார். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதற்குப் பிறகு தெருவில் அசையும் பொருள் எதுவும் இருக்காது. சுடுநீர்க் கொதிகலன் பற்றிக்கொள்ளும் சத்தம் எனக்குத் துணை என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த 'புஸ்' சத்தத்துக்காகவே வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்ட நாள் உண்டு.

குழந்தையை எடைபோட வந்த சுகாதாரப் பணியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி என்னைப் பற்றிக் கேட்டார். சர்ச் மண்டபத்தில் வாரம் ஒரு நாள் தாய்மார்களும் குழந்தைகளும் கூடுவார்கள், போ என்றார். மதம் மாற்றிவிடுவார்கள் என்று அம்மா ஊரிலிருந்து போனில் எச்சரித்தார். அவர்கள் மாற்றச் சொன்னது டயப்பரை மட்டும்தான். ஆறிப்போன தேநீர், நொறுங்கிய பிஸ்கட், தரையில் உடைந்த பொம்மைகள். ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆறேழு பேர் கிடைத்தார்கள். நூலகத்தில் குழந்தைப் பாட்டு வகுப்பு நடக்கும், அதற்குக் காசு கிடையாது.

உங்கள் மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டதால் அடுத்த பள்ளிப் பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம், வருடத்தில் 38 வாரம், நர்சரி இலவசமாகக் கிடைக்கும். வீடு மாறுவதற்கு முன்பே இடம் கேட்டு எழுதுங்கள். தொடக்கப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஜனவரி 15 கடைசி நாள். பள்ளி வாசலில் மூன்று மணிக்குப் பிறகு நிற்கும் கூட்டம்தான் உங்கள் ஹை ஸ்ட்ரீட் நார்த். மழையில் நின்றாலும் பேசுவார்கள்.

என் யோசனை: உடனே வாங்காதீர்கள். அதே பகுதியில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும்போது எந்தத் தெருவும் சொர்க்கம்தான், அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நான் பிறகு ரெடிங் நகரத்துக்குள்ளேயே அடுக்குமாடிக்கு மாறிவிட்டேன். இடம் சின்னது, கீழே பஸ் நிறுத்தம். நன்றாக இருக்கிறேன்.


நார்த் ஹாரோவில் வளர்ந்தவன்:

பிள்ளையின் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. பத்து வயது வரை அந்த மாதிரித் தெரு வரம். சைக்கிள் கற்றது, எதிர்வீட்டுச் சுவரில் பந்தடித்தது, அந்த வீட்டுத் தாத்தா தினமும் திட்டிவிட்டுப் பந்தைத் திருப்பிப் போட்டது எல்லாம் அங்கேதான். பதினைந்து வயதில் அதே தெரு சிறை. பஸ் பயணம் இலவசம் என்பதால் 183ஆம் எண் பஸ்ஸின் மேல்தளத்தில் ஏறி ஹாரோ வரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்புவதுதான் எங்கள் பொழுதுபோக்கு. இப்போது தெற்கு லண்டன் டூட்டிங்கில் இருக்கிறேன், இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். அம்மா வீட்டுக்குப் போனால் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை, ஆனால் ஞாயிறு மாலை கிளம்பவும் மனம் வருவதில்லை. இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது.


உறையூர்ப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. லோயர் ஏர்லி அக்கா எழுதியதைக் கணவரைப் படிக்க வைத்தேன். வாடகைக்குப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். தபால்கார அண்ணா, மாமியாரை மட்டும் மறந்துவிட்டீர்களே. வாசலில் கோலம் போடலாமா? நாற்காலி போட்டு உட்காரலாமா?


தபால்காரன் (ஓய்வு):

லோயர் ஏர்லித் தங்கச்சி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. முட்டுச்சந்துகளை நான் எப்போதும் வெறுத்தவன், போன வழியே திரும்ப நடக்க வேண்டும். ஆனால் ரெய்னர்ஸ் லேனை அதோடு சேர்க்காதீர்கள். இங்கே ஐந்து நிமிடம் நடந்தால் கடைத்தெரு, முருங்கைக்கீரை முதல் கருவாடு வரை தமிழில் கேட்டு வாங்கலாம். இரண்டு ரயில் பாதைகள் ஓடும் ஸ்டேஷன். வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்ல யோசனைதான். வீடு பார்க்கப் போனால் ஞாயிறு மதியம் வேண்டாம். வேலைநாள் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, மூன்றேகாலுக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் என்பது அப்போதுதான் தெரியும்.

கோலம் தாராளமாகப் போடலாம். மழை இல்லாவிட்டால் புறா தின்றுவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

நாற்காலி விஷயம்தான் கொஞ்சம் நுட்பமானது. இவர்கள் உட்காருவதெல்லாம் பின்தோட்டத்தில். முன்தோட்டம் வேலை செய்வதற்கு மட்டும். வெறும் கையோடு ஒருவர் வாசலில் நின்றால் சாவியைத் தொலைத்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். கையில் ஒரு செடி வெட்டும் கத்தரி இருந்தால் நாள் முழுக்க நிற்கலாம், போகிற வருகிற எல்லாரும் நின்று பேசுவார்கள். மாமியாருக்கு ஒரு கத்தரியும் சின்ன அளவில் ஒரு சோடித் தோட்டக் கையுறையும் வாங்கி வையுங்கள். மே மாத நடுவில், உறைபனி பயம் போன பிறகு, வாசலில் நாலு தொட்டி ஜெரேனியம் வைக்கட்டும். காய்ந்த பூவைக் கிள்ளுவது என்பது முடிவே இல்லாத வேலை. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கவலை இல்லை, செடியைக் காட்டிப் பேசுவதற்கு இவர்களுக்கும் அதிகம் வார்த்தை தேவைப்படாது. நாற்காலியைத் தொட்டிகளுக்கு நடுவே போட்டால் அதுவும் தோட்ட வேலைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அவருக்குச் சத்தமும் கூட்டமும் கண்ணில் காட்ட வேண்டுமென்றால், மே மாதக் கடைசிப் பொது விடுமுறைக்கு அடுத்து வரும் புதன்கிழமை பக்கத்து ஊரான பின்னெருக்குக் கூட்டிப் போங்கள். 1336இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் கொடுத்த உரிமைப்பட்டயத்தின் பேரில் அங்கே சந்தை கூடுகிறது. பழைய மரச்சட்டக் கட்டடங்கள் நிற்கும் கடைவீதியை அடைத்துவிட்டு, ஜன்னல்களை உரசுகிற மாதிரி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். இந்தப் பக்கத்து மனிதர்கள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பார்களா என்று எனக்கே வருடாவருடம் சந்தேகம் வரும். கார் எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. பிள்ளையின் தள்ளுவண்டியோடு நடந்தே போய்விடலாம், நானும் அங்கேதான் எங்காவது வறுத்த வேர்க்கடலை தேடிக்கொண்டிருப்பேன்.